காவி கட்டும் முன்

திங்கட்கிழமை காலை,
லிஃப்ட் மோட்டார் அறையிலிருந்து.

மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். விடியுமுன் எழுந்து, ஒரு வேளை சாப்பிட்டு, யாரோடும் பேசாமல் இருந்தால் யாருக்குத்தான் உடம்பு கெடும். போனில் பேசலாம் என்றால் சந்நியாசம் வாங்கப் போகிறவருக்கு போன் தரமாட்டோம் என்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

மடத்து மேலாளர் என் பெண் பாப்பாவுக்கு எழுதியதை நானும் படித்தேன். அடுத்த வார வெள்ளிக்கிழமை உங்களுக்குக் காவி கொடுக்கப் பெரிய சாமி நாள் குறித்திருக்கிறாராம். கட்டியவள் கைப்பட எழுதிய சம்மதக் கடிதம் அந்த வாரப் புதன்கிழமைக்குள் வராவிட்டால் கொடுக்க மாட்டாராம். அந்த ஒரு விஷயத்துக்காகப் பெரிய சாமிக்கு என் கும்பிடு. வியாழக்கிழமை நீங்களே உங்களுக்குக் கருமாதி செய்துகொள்ள வேண்டுமாம். உயிரோடு உட்கார்ந்து, உங்கள் கையாலேயே உங்களுக்குப் பிண்டம் வைக்க வேண்டுமாம். அந்த வரி வந்ததும் உங்கள் அத்தை கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனாள்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. உங்களுக்குக் கருமாதி ஆகிவிட்டால் என் பெண் யார்? எங்கே போனாலும் ஒரு படிவம் நீட்டுகிறார்கள். கணவர் பெயர் என்ற இடத்தில் அவள் என்ன எழுதுவாள்? உயிரோடு இருக்கிறார் என்றா, இல்லை என்றா? பெரிய சாமியிடம் கேட்டு எழுதுங்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவிலிருந்து ஒரு முதுகுப்பையோடு வந்து மடத்து வாசலில் நின்றவர் நீங்கள். "முதல்ல ஊர் உலகத்தோட வாழ்ந்து பாரு, அப்புறம் வா" என்று திருப்பி அனுப்பியதும் இதே பெரிய சாமிதான். அதன் பிறகுதானே எங்கள் தெருவில் பல்செட் கட்டும் கடையில் சேர்ந்தீர்கள். எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டு, எங்களைப் போலவே திட்டவும் கற்றுக்கொண்டீர்கள். என் பெண்ணைக் கட்டினீர்கள். இப்போது என் வாயில் இருப்பதும் நீங்கள் செய்துகொடுத்த பல்செட்தான். அதை மாட்டிக்கொண்டுதான் தினமும் உங்களைத் திட்டுகிறேன், சொல் ஒன்றும் குழறுவதில்லை.

"பத்து நாள் இருந்துட்டு வந்துடறேன் மாமா" என்று இரண்டு வருஷத்துக்கு முன் போனீர்கள். பத்து நாள் மாதமாயிற்று. தலையை மழித்தார்கள், வெள்ளை வேட்டி கொடுத்தார்கள், மடத்துப் பாத்திரமெல்லாம் தேய்க்க விட்டார்கள். ஒவ்வொரு படியாக மேலே ஏறுகிறேன் என்று எழுதினீர்கள். நான் முப்பத்தெட்டு வருஷமாக லிஃப்ட் வேலை பார்க்கிறவன். பெட்டி மேலே ஏறினால் மறுபக்கம் இரும்புக் கட்டைகள் கீழே இறங்கும். இங்கே கீழே இறங்கிக்கொண்டிருப்பது பாப்பா. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். பாப்பா சம்மதிக்கவில்லை. எழுதியும் தரமாட்டாள். புதன்கிழமை வரை பார்த்துக்கொண்டிருக்காமல் ரயில் ஏறுங்கள். கடையில் உங்கள் நாற்காலியில் இன்னும் வேறு ஆளை உட்கார வைக்கவில்லை, முதலாளியிடம் கேட்டுவிட்டேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
மாமா.


அடுத்த திங்கட்கிழமை, பகல்.

மாப்பிள்ளைக்கு,

போன கடிதத்தில் எழுதியது பொய். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதையும் எழுத வராது.

பாப்பா சம்மதக் கடிதத்தை எழுதி, உறையை ஒட்டி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. நான் போடவில்லை. மோட்டார் அறையில் என் கருவிப் பெட்டிக்குள், ஸ்பேனர்களுக்கு அடியில் வைத்திருந்தேன். அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் எழுதித் தரமாட்டாள் என்று உங்களுக்கு எழுதினேன். புதன்கிழமை தாண்டிவிட்டால் பெரிய சாமி உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பது என் கணக்கு.

சனிக்கிழமை பாப்பா மடத்துக்கு போன் செய்தாள். ஒன்றும் வரவில்லை என்றார்கள். தபால்காரன் எவனுக்கும் பொறுப்பில்லை என்று நான் சத்தம் போட்டேன். அவள் நம்பிவிட்டாள். நேற்றுக் காலை, தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாலு நாள் லீவு சொல்லிவிட்டுப் பையில் துணியை எடுத்து வைத்தாள். "வேற ஒண்ணு எழுதி நானே நேர்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்பா" என்றாள். தனக்கே பிண்டம் வைக்கத் தயாராக உட்கார்ந்திருக்கும் புருஷன் முன்னால் என் பெண் தனியாகப் போய் நிற்பதை நினைத்தேன். ஓடிப்போய் உறையை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் சத்தம் போடவில்லை. "ஏன்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்புறம் மற்றதையும் சொல்ல வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன் நீங்கள் இந்த மோட்டார் அறைக்கு என்னைத் தேடி வந்தீர்கள். "மாமா, என் மனசு என்னிக்காவது ஒரு நாள் மடத்துக்குத் திரும்பிடும். அது தெரிஞ்சுதான் பொண்ணு குடுக்கறீங்களா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் முதுகில் தட்டினேன். பாப்பாவிடம் மூச்சு விடவில்லை. உங்களைத் திட்டித் தீர்த்த இந்த இரண்டு வருஷமும், மறைத்தவன் நான்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தமாகத் திட்டினேன்.

பாப்பா எல்லாவற்றையும் கேட்டாள். "என்கிட்டயும் சொன்னார்பா. நான் வந்தா சரியாயிடும்னுதான் நானும் நினைச்சேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். நீங்கள் போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்து உறையைத் திரும்ப என்னிடமே கொடுத்து, "இப்பவாவது போடுங்க" என்றாள். பையிலிருந்த துணியைப் பழையபடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

அதை இதோடு வைத்து கூரியரில் அனுப்புகிறேன். புதன்கிழமை காலை கிடைத்துவிடும் என்று உறுதியாகச் சொன்னார்கள். நான் பிரிக்கவில்லை. ஓரத்தில் கிரீஸ் பட்டிருக்கும், அது என் கை. உங்கள் மேல் கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஆனால் இந்தத் தடவை நான் நடுவில் நிற்கமாட்டேன்.

காவி கட்டியபின் உங்களை நான் ஆசீர்வாதம் செய்யக் கூடாதாம், வயதில் பெரியவனானாலும் நான்தான் உங்களைக் கும்பிட வேண்டுமாம். மேலாளர் சொன்னார். கும்பிடுகிறேன், அதில் ஒன்றும் குறைந்துவிட மாட்டேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது, அதுவரை நான்தான் பெரியவன். அந்த உரிமையில் சொல்கிறேன். நன்றாக இருங்கள். தேடி வந்தது கிடைக்கட்டும். பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாமியார்கள் வீடு வீடாகப் பிச்சைக்குப் போவார்களாமே. எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள், எந்த வாசலில் வேண்டுமானாலும் நில்லுங்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள் மாப்பிள்ளை. பாப்பா கதவைத் திறந்துவிடுவாள்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை வரை உங்கள் மாமா.