மூன்று கிலோ லென்ஸ்

சின்னவளின் அப்பாவுக்கு,

கேமரா லென்ஸ் பையைத் தேட வேண்டாம். கடையில் மாற்றிக்கொள்ள இன்றுதான் கடைசி நாள், நான் எடுத்துப் போகிறேன். சோறு அடுப்பின்மேல் மூடியிருக்கிறது.

கடைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார்: "அண்ணே, பகல்ல பறவை எடுக்க இந்தச் சின்னதே போதும். ஒரு கிலோதான், விலையும் பாதி." நீங்கள் இரண்டையும் மூட்டை மாதிரி தூக்கிப் பார்த்து, கனமானதுதான் சரக்கு என்றீர்கள். முப்பது வருஷம் மூட்டை தூக்கித் தேய்ந்த தோள் அது. நேற்று சட்டை மாட்டவே என்னைக் கூப்பிட்டீர்கள்.

எடுத்த படங்களையும் பார்த்தேன். ஒன்றிலும் கொக்கு இல்லை, உங்கள் கைநடுக்கம்தான் இருக்கிறது.

பி.கு.: தைலத்தை நீங்களே தேய்க்காதீர்கள், முதுகுப் பக்கம் கை எட்டாது. நான் வந்து தேய்க்கிறேன். மீதியை அப்போது திட்டுகிறேன்.