வலது பக்கம் அரை இஞ்ச்

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் நீலப் பூப்போட்ட சுடிதார் டாப்பை ஹேங்கரில் மாட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். பால் பாக்கெட் இன்னும் வாசலிலேயே கிடந்தது. துணியில் உங்கள் பீரோவின் அந்துருண்டை வாசம் அப்படியே இருந்தது. இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தேன். வலது பக்கம் அரை இஞ்ச் கீழே இறங்கித் தொங்க வேண்டும். அப்படித்தான் நான் அதை வெட்டியிருந்தேன். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றன. நம்ப முடியாமல் டேப் எடுத்து அளந்தேன். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

போன வாரம் உங்கள் அண்ணன் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். நீங்கள் இல்லாத நல்லூர் வீட்டைக் காலி செய்ததில் கிடைத்தவை என்று இரண்டு டாப்புகளைக் கொடுத்தார். கூடவே ஒரு கேள்வியும் ஒரு லைசென்ஸ் படிவமும்.

"அத்தையோட துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்குதுங்க்கா. எனக்கு அந்தச் சனியன் வேண்டாங்க. நீங்க லைசென்ஸ் எடுத்து வாங்கிக்கறீங்களா, இல்ல வித்துடட்டுமா? இனிமே யூனிட்டப் பாத்துக்கப் போறது நீங்கதான. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்துக்கொண்டே இருந்தேன். போன மாதம் பைக்கில் இரண்டு பேர் வந்து மண்ணரையில் நம் பனியன் யூனிட் கேட்டில் நின்று, "இப்ப இங்க ஓனரம்மா நீங்கதானுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி போனார்கள். உங்கள் கணவரின் பழைய கூட்டாளி மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார் என்று வக்கீல் சொன்ன அதே வாரம். புகார் கொடுத்தாயிற்று, கேட்டில் கேமரா வைத்தாயிற்று. ஆனாலும் அன்றிலிருந்து ஸ்கூட்டியின் கண்ணாடியை அடிக்கடி பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "வாங்கி வெச்சுக்கோ. அக்கா வெச்சிருந்தாங்கல்ல?"

ஆமாம், வைத்திருந்தீர்கள். அதை யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்க வழி செய்து கொடுத்தவள் நான்.

உங்கள் கணவர் இறந்த மூன்றாம் மாதம் அந்தக் கூட்டாளியின் ஆட்கள் உங்கள் வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். யூனிட் ஷெட்டை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "நல்லா இருக்கோணும்னா கையெழுத்துப் போட்டுடுங்க அக்கா" என்றானாம் ஒருவன். அதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. "மிரட்டறதுலயும் ஒரு மரியாதை பாரு கண்ணு. 'ங்க' போட்டுத்தான் மிரட்டறானுங்க." சிரித்த அதே வாயோடு லைசென்ஸுக்கு எழுதிப் போட்டீர்கள். ஒன்றரை வருடம் அலைந்து வாங்கினீர்கள்.

அது கைக்கு வந்த மறுநாள் சாம்பிள் ரூமுக்குள் வந்து, "கதவச் சாத்து கண்ணு" என்றீர்கள். டிபன் பையிலிருந்து ஒரு துண்டில் சுற்றியதை எடுத்து துணி வெட்ட அளவட்டை போடும் என் பேட்டர்ன் மேசை மேல் வைத்தீர்கள். நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

"குண்டு ஊட்டுல இருக்குது. பயப்படாத."

"எனக்கு எதுக்குங்க்கா காட்டறீங்க?"

"நீ பேட்டர்ன் மாஸ்டர்தான? எத்தன நாட்டுக்காரனுக்கு எத்தன உடுப்புக்குப் பேட்டர்ன் போட்டிருக்க. இதுக்கு ஒண்ணு போடு. வெளியில தெரியப்படாது."

"ஹேண்ட்பேக்ல வெச்சுக்கலாமுங்களே?"

"ஏங்கண்ணு, என் ஹேண்ட்பேக்க எத்தன எடத்துல விட்டுட்டு வந்திருக்கேன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். பேங்கில் ஒரு தடவை, கண் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, கோயில் செருப்பு விடும் இடத்தில் இரண்டு தடவை. அதற்கு மேல் நான் பேசவில்லை. டேப்பை எடுத்தேன். நீளம், உயரம், கனம் மூன்றையும் ஒரு பட்டனை அளப்பதுபோல் அளந்து எழுதிக்கொண்டேன். பட்டனும் ஜிப்பும் நிறுக்கும் தராசில் வைத்தால் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இன்னொரு தடவையும் அளந்தேன். அளவு சரியாக இருந்தது.

யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்கு நீங்கள் சொன்ன காரணம் எனக்கு அப்போது வேடிக்கையாகப் பட்டது. "தெரிஞ்சா எல்லாரும் இன்னும் மரியாதையாப் பேச ஆரம்பிச்சிருவாங்க. இருக்கற மரியாதையே தாங்கல."

முதலில் தெரிந்துகொண்டது, நம் ஊர்த் துணி இதற்கு உதவாது என்பது. பின்னலாடைக்கு மறைக்கத் தெரியாது. உடம்பு எப்படியோ அப்படியே சொல்லிவிடும். கெட்டியான இன்டர்லாக் பின்னலில்கூட ஓரங்கள் அச்சாகத் தெரிந்தன. ஊரே நிட்டிங் ஓட்ட, நாம் இருவரும் கடையில் போய் நெய்த காட்டன் வாங்கினோம். அதிலும் பூப்போட்டது. வெற்றுத் துணியில் ஒரு மேடு இருந்தால் நிழல் விழும், பூக்களுக்கு நடுவே அது கரைந்துவிடும். சேலை சரிவராது என்று சொன்னபோது ஒரு நிமிடம் யோசித்தீர்கள். "ஐம்பது வயசுல சுடிதாரா? ஊரே பேசுமே" என்றீர்கள். பிறகு, "பேசட்டும்" என்றீர்கள்.

பேசினார்கள். அந்தக் காதுகுத்து வீட்டை மறக்க முடியுமா? உங்கள் நாத்தனார் பந்தியிலேயே கேட்டார்: "ஏனுங்க அண்ணி, மருமகளுக்கு வாங்குனத நீங்க போட்டுட்டு வந்துட்டீங்களா?"

"எனக்கு ஏதுங்க மருமக? மூட்டு வலிங்க. வண்டியில ஏறி எறங்கச் சௌரியமா இருக்குது."

எதிர் வரிசையில் இருந்தவர்கள் சோற்றை விட்டுவிட்டு உங்கள் சுடிதாரைத் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். நீங்கள் என் பக்கம் சாய்ந்து, "பாத்தியா, சுடிதாரப் பாத்தே களைச்சுட்டாங்க. அதுக்கு மேல பாக்க ஒருத்தருக்கும் தெம்பில்ல" என்றீர்கள். எனக்குப் புரையேறியது. அன்று உங்கள் இலைக்கு ஒரு முழத் தூரத்தில் ரெவால்வர் இருந்தது அந்தப் பந்தியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஆனால் நம் யூனிட்டில் அவ்வளவு சுலபமாக இல்லை. மூன்றாம் நாளே செக்கிங் செல்வமணி உங்களை நிறுத்தினாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ஒரு நாளைக்கு ஆயிரம் துணியைத் திருப்பிப் பார்க்கிற கண். "எக்கா, இது எவ தைச்சா? வலது பக்கம் கீழ்மடிப்பு ஏறியில்லா கெடக்கு! நம்ம லைன்ல இத ரிஜெக்ட்ல தூக்கிப் போட்டிருப்பேன்."

நீங்கள் நேராக சாம்பிள் ரூமுக்கு ஓடிவந்தீர்கள். "ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தப்பிருச்சு. செக்கிங் கண்ணுக்குத் தப்பல."

தவறு என்னுடையது. வயிறு பெரிதாக இருப்பவர்களுக்கு முன்பக்கம் கொஞ்சம் நீளம் விட வேண்டும், இல்லையென்றால் துணி மேலேறும். இது பேட்டர்ன் போடுகிறவர்களுக்கு அரிச்சுவடி. இடுப்பில் ஒரு மேடு இருந்தால் அந்தப் பக்கமும் ஏறத்தானே செய்யும்? நான் துப்பாக்கியை மறைப்பதில் குறியாக இருந்து துணியை மறந்துவிட்டேன். அன்றே வலது பக்கம் அரை இஞ்ச் கூடுதலாக விட்டுப் புது பேட்டர்ன் அட்டை வெட்டினேன். அதில் நான்கு டாப்புகள் தைத்தேன். ஹேங்கரில் கோணலாகத் தொங்கும். நீங்கள் போட்டுக்கொண்டு, அதையும் செருகிக்கொண்டால் மட்டம் சரியாகிவிடும். செல்வமணி வந்து பார்த்து, "இப்பம் சரி" என்று ஓகே சொன்னாள்.

தேர்தல் வந்தால் தலைவலி. லைசென்ஸ் உள்ள எல்லாரும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். முதல் தேர்தலில் அதை நாம் யோசிக்கவே இல்லை. வெற்று இடுப்போடு கோணல் டாப்பைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். "எக்கா, இப்பம் எறங்கிக் கெடக்கு! ஒங்களுக்கு டெய்லர் சரியில்ல" என்றாள் செல்வமணி. அந்த டெய்லர் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நேர் மட்டத்தில் இரண்டு தைத்துத் தந்தேன். தேர்தல் சுடிதார் என்று நாம் பெயர் வைத்ததும், பேப்பரில் தேர்தல் அறிவிப்பு வந்தால் நீங்கள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியதும் ஞாபகம் இருக்கிறது.

துணியை நான் பார்த்துக்கொண்டேன். உங்கள் கைதான் அடங்கவில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது வலது கை தானாக இடுப்புக்குப் போய் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். "அக்கா, கை" என்பேன். அதற்காகத்தான் வலது கையில் எப்போதும் தண்ணீர் பாட்டிலோடு அலைந்தீர்கள். ஓனரம்மாவுக்குச் சுகர் என்று தையல் லைனில் பேசிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. ஒன்றை நினைத்தால் மட்டும் வருவதில்லை.

ஒடிசாவிலிருந்து வந்த தையல்காரத் தம்பதியின் மகள், மினி. மூன்று வயது. காலையில் நீங்கள் குழந்தைகள் அறைப் பக்கம் போனதும் கையைத் தூக்குவாள். இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டிங் டேபிளிலிருந்து பேக்கிங் வரை ஒரு சுற்று வருவீர்கள். குழந்தையில்லாத உங்களுக்கு அது தினமும் வேண்டியிருந்தது. துப்பாக்கி வந்த பிறகு அதை நிறுத்திவிட்டீர்கள். குனிந்து கன்னத்தைத் தட்டிவிட்டு நகர்வீர்கள். அவள் விடவில்லை. ஒருநாள் பின்னாலிருந்து ஓடிவந்து உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நொடி வீல் என்று அலறல். நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. அம்மாக்காரி ஓடிவந்து, மேசையில் இடித்துக்கொண்டாள் போல என்று அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். நீங்கள் டாப்பை இழுத்துவிட்டுக்கொண்டீர்கள்.

சாயங்காலம் சாம்பிள் ரூமில் உட்கார்ந்து சொன்னீர்கள்: "இடுப்புல ஏதாச்சும் ஒண்ணத்தான் வெக்க முடியும் போல கண்ணு."

கூட்டாளியோடு ஷெட்டுக்கான கேஸ் நடந்துகொண்டிருந்தது. மறுநாளும் நீங்கள் அதோடுதான் வந்தீர்கள். பிறகு தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தது. அதற்குப் பிறகும் உங்கள் டாப்பின் மட்டம் சரியாகவே இருந்தது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன நாள் வரைக்கும் சரியாகவே இருந்தது. அதனால் துப்பாக்கி இடுப்பில் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஹேங்கரில் தொங்கியதன் அடி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். வலது பக்கம் என் மெஷின் தையல் பிரிக்கப்பட்டு, அரை இஞ்ச் உள்ளே மடித்து, கையால் ஹெம்மிங் செய்யப்பட்டிருந்தது. ஒரு தையல் கால் இஞ்ச், அடுத்தது முக்கால். நடுவில் ஒரு முடிச்சு. ஐம்பது மெஷின் ஓடுகிற யூனிட்டின் முதலாளிக்கு ஊசியில் நூல் கோக்க வராது என்று நாங்கள் கேலி செய்வோமே, அந்தக் கை. இன்னொரு டாப்பையும் புரட்டினேன். அதிலும் அதே கை.

உங்கள் அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். "தம்பி, ஸ்டேஷன்ல குடுத்த ரசீது இருக்குமுங்களா? தேதி பாத்துச் சொல்லுங்க."

தேடி எடுத்தார். "இதென்னங்க்கா, மூணு வருசம் ஆச்சுங்களே! ஆஸ்பத்திரிக்குப் போகையிலதான் குடுத்தாங்கன்னு நான் நெனச்சிட்டிருந்தேன். எலக்சனுக்குக் குடுத்தது, அத்தை திருப்பி வாங்கவே இல்ல போலங்க."

பேசி முடித்துவிட்டு, போனில் இருந்த ஆயுத பூஜைப் படத்தைத் தேடி எடுத்தேன். போன வருடத்துக்கு முந்தைய வருடம் எடுத்தது. மாலை போட்ட மெஷின்களுக்கு முன்னால் நீங்கள் இதே நீல டாப்பில் நிற்கிறீர்கள். இடுப்பில் மினியின் தங்கை. அவளுடைய கால் உங்கள் வலது இடுப்பை இறுக்கிச் சுற்றியிருக்கிறது. இந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருப்பேன். மடிப்பு மட்டமாக இருக்கிறதா என்று பார்த்த கண் குழந்தையைப் பார்க்கவில்லை. கை இடுப்புக்குப் போவது எப்போது நின்றது, தண்ணீர் பாட்டில் எப்போது காணாமல் போனது என்றுகூட நான் கவனிக்கவில்லை.

இருப்பதை மறைக்க என்னைக் கூப்பிட்டீர்கள். இல்லாததை மறைக்க மட்டும் தனியாக உட்கார்ந்து தைத்திருக்கிறீர்கள். நேர் மட்டத்தில் இரண்டு இருந்தனவே, அவற்றைப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். காலையில் கொஞ்சம் கோபம் வந்தது, அக்கா. டாப்பை இஸ்திரி போட்டு முடிப்பதற்குள் போய்விட்டது. என்னிடம் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன். அந்த மூன்று வருடமும் உங்களோடு பேங்குக்கும் கோர்ட்டுக்கும் தேர்க் கூட்டத்துக்கும் நான் பயமில்லாமல் நடந்தது, உங்கள் இடுப்பில் அது இருக்கிறது என்ற தைரியத்தில். நீங்கள் எந்தத் தைரியத்தில் நடந்தீர்கள் என்று கேட்க இப்போது வழியில்லை. ஆனால் நடந்தீர்கள். அதே வேகத்தில், அதே நிமிர்வோடு. அந்தக் கூட்டாளி எதிரே வந்தபோது, "நல்லா இருக்கீங்களா?" என்று முதலில் கேட்டதும் நீங்கள்தான்.

பயம் எனக்குப் போய்விடவில்லை. நாளைக்கும் ஸ்கூட்டியின் கண்ணாடியைப் பார்ப்பேன். வக்கீலிடம் அடுத்த தேதியைக் கேட்பேன். ஆனால் இன்று மனசு ஏனோ நிறைவாக இருக்கிறது. நீங்கள் எனக்கு ஒரு சைஸ் பெரியவர், டாப்பின் பக்கவாட்டைக் கொஞ்சம் பிடித்துத் தைத்தால் எனக்குச் சரியாகிவிடும். அடி மடிப்பில் கை வைக்க மாட்டேன். செல்வமணி கேட்டால் கேட்கட்டும்.

லைசென்ஸ் படிவம் மேசை இழுப்பறையில், ஸ்கேலுக்கு அடியில், கையெழுத்தில்லாமல் இருக்கிறது. நாளை அதை உங்கள் அண்ணன் மகனுக்கு அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். பிறகு ரேக்கில் தொங்குகிற அந்தப் பேட்டர்ன் அட்டையை எடுத்து, வலது பக்கம் நான் விட்டிருந்த அரை இஞ்சை வெட்டிவிடுவேன். வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.