செந்தூரம் போன வழி

மகளின் அப்பாவுக்கு,

தோஹாவில் வெயில் எப்படி? இங்கே இன்று சித்தி நக திருநாள். கிணறும் குளமும் தூர்வாரும் பண்டிகையல்லவா, பாடனில் நம் தெருவே மண்வெட்டியோடு இறங்கிவிட்டது. தெருமுனைக் குழாயான கல் மகரத்தின் வாயிலிருந்து தண்ணீர் வருவது நின்றுபோனது நாம் வீடு கட்டிய வருடம். அதற்கு எந்த வழியில் தண்ணீர் வந்தது என்று மண்ணுக்குள் பழைய கால்வாயைத் தேடுகிறார்கள்.

மேட்டுக் குளத்திலிருந்து கோயில் கிணறுவரை கண்டுபிடித்தாயிற்று. அதற்குமேல் தடம் தெரியவில்லை. எதிர்வீட்டு ஜூஜுமான்தான் வழி சொன்னார்.

"செந்தூரத்தக் கரைச்சு கிணத்துல ஊத்துங்கப்பா. எங்க செவப்பா வருதோ, அங்கதான் திருடன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கையால்தான் ஊற்றினேன்.

பிறகு வடைக்கு உளுந்து ஊறவைக்க நம் நிலவறைக்குத் தண்ணீர் எடுக்க வந்தேன். அஸ்திவாரம் தோண்டும்போது பீறிட்டது, நம் அதிர்ஷ்டம் என்றீர்களே, அந்த ஊற்று.

வாளி சிவப்பாக வந்தது. கொட்டிவிட்டு மறுபடி மொண்டேன். இன்னும் சிவப்பு.

அன்று தெருவிலிருந்த கொத்தனாரை விட்டுவிட்டு வெளியூர் ஆட்களை ஏன் அழைத்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நிலவறைக்கு ஏன் பூட்டு என்றும் கேட்கமாட்டேன்.

வாசலில் ஜூஜுமான் மனைவி கதவைத் தட்டுகிறாள்.

"அக்கா, மகரத்துல ஒரு சொட்டும் வரல. எல்லாருக்கும் கையெல்லாம் சேறு. உங்க வீட்லதான் ஊத்து இருக்கே, ஒரு வாளி தண்ணி குடுங்க!"

வாளியை நிரப்பிவிட்டேன். கதவைத் திறக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
மகளின் அம்மா