மூன்றாவது டப்பாவின் காற்று

செப்டம்பர் 22

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கணும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இந்த நோட்டிடம்தான். அதிதி இப்போதுதான் கண்ணை மூடினாள். ஏழு மாதம் ஆகியும் ராத்திரி எழுந்துவிடுகிறாள்.

மூன்று கடல் மிதவைகளும் இன்று பெங்களூர் பீன்யாவில் இருக்கும் எங்கள் கம்பெனியிலிருந்து லாரி ஏறின. சென்னைத் துறைமுகத்தில் ஆராய்ச்சிக் கப்பல் நிற்கிறது. புயல் காலத்துக்கு முன்னால் வங்காள விரிகுடாவில் இறக்கியாக வேண்டும். மிதவைகளின் கருவி டப்பாக்களை மூடியது நான். ரப்பர் வளையத்தைத் துடைத்து, கிரீஸ் தடவி, போல்ட் முடுக்கி. பிரசவ லீவு முடிந்து வந்தபின் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை.

கப்பலில் போகப்போவது எங்கள் கம்பெனி டொமினிக் அண்ணா. "உன் மூணு பிள்ளைங்களையும் பத்திரமா இறக்கிவிட்டுட்டு வரேம்மா. நாலாவதை நீ பாத்துக்கோ" என்றார்.

செப்டம்பர் 24

தலை வாரவே பயமாக இருக்கிறது. சீப்பு முழுக்க முடி. பிள்ளை பெத்தா கொட்டத்தான் செய்யும் என்கிறாள் அம்மா.

செப்டம்பர் 25

டப்பாக்கள் துறைமுகத்திலிருந்து எண்கள் அனுப்புகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் அழுத்தம் அளக்கும் கருவி இருக்கிறது. பெங்களூர் மேட்டுக் காற்று லேசானது; உள்ளே அடைபட்டிருப்பது அதுதான். மூடி சரியாக உட்கார்ந்திருந்தால் கடலோரம் போனாலும் எண் குறைவாகவே நிற்கும். இடுக்கு இருந்தால் சென்னையின் கனத்த காற்று உள்ளே போகும், எண் ஏறும்.

மூன்றிலும் ஏறியிருக்கிறது. கம்பெனியை நடத்தும் சீனிவாசராகவன் சாரிடம் ஓடினேன்.

"சென்னை வெயில்ல சூடானா ஏறத்தானே செய்யும்? வீட்டுல குழந்தை மூச்சு விடுதான்னும் இப்படித்தான் பாத்துட்டிருப்பே போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பார்க்கத்தான் செய்கிறேன். மூக்குக்குக் கீழே விரலை வைத்து.

செப்டம்பர் 26, விடியவில்லை

அதிதி பாலுக்கு எழுந்தாள். மடியில் அவள், கையில் ஃபோன். வெயில் போனதும் எண் குறைந்திருக்க வேண்டும். ஒன்றிலும் இரண்டிலும் குறைந்திருக்கிறது. மூன்றாவதில் குறையவில்லை, ஏறியிருக்கிறது.

ப்ரஹ்லாத் புரண்டு படுத்து, "காலைல சொல்லிக்கலாம் சஹானா" என்றான். காலையில் கப்பல் கிளம்பிவிடும். வீணாக நிறுத்தினேன் என்றால் ஆபீஸில் நான் பயந்தாங்கொள்ளி அம்மாதான், கடைசி வரைக்கும். நிறுத்தாம விட்டா? உப்புத்தண்ணி உள்ளே போய், புயல் நேரத்துல அது செத்துக் கிடக்கும். மீன் பிடிக்க போட்டுல போயிருக்கறவங்களுக்குப் புயல் வருதுன்னு யார் சொல்றது?

சார் மூன்றாவது தடவைதான் ஃபோனை எடுத்தார். "திறந்து பாக்கச் சொல்லுங்க சார்" என்றேன். எந்த டப்பா என்று கேட்டார். அப்புறம், "ஆயிது" என்றார், சரி என்று கன்னடத்தில்.

செப்டம்பர் 26, இரவு

கப்பல் நின்றது. மூன்றாவது டப்பாவைத் திறந்தார்கள். டொமினிக் அண்ணா படம் அனுப்பியிருந்தார்: ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு நீள முடி. கீழே, "சத்தியமா என்னோடது இல்லை." அவருக்கு முழு வழுக்கை.

என்னோடு வேலை செய்யும் ஷ்ரேயாவுக்குக் கழுத்து வரைதான் முடி. அந்த மேசையில் நீள முடி என் ஒருத்திக்குத்தான். தொப்பி போட்டிருந்தேனே —

சார் யாருடையது என்று கேட்கவில்லை. நானே போய், "என்னோடது சார்" என்றேன்.

"கண்டுபிடிச்சதும் நீதானே" என்றார். கதவுகிட்ட போனதும் கூப்பிட்டார். "டப்பா மூடறதை கொஞ்ச நாள் ஷ்ரேயா பாக்கட்டும்."

பஸ்ஸில் அழவில்லை. வீட்டுக்கு வந்துதான்.

செப்டம்பர் 27

வளையத்தை மாற்றித் துறைமுகத்திலேயே மூடினார்கள். மூன்றாவதில் இப்போது சென்னைக் காற்று. கப்பல் கிளம்பிவிட்டது, ஒரு நாள் பிந்தி.

அக்டோபர் 3

மூன்றும் கடலில். ராத்திரி மூன்று டப்பாக்களிலும் எண் குறைந்தது. மூன்றாவதிலும்தான். அதிதியை எழுப்பிச் சொல்லலாம் போல இருந்தது.

அக்டோபர் 4

மிதவை வெளிக்காற்றின் அழுத்தத்தையும் அனுப்பும். அதற்காகத்தானே அதை அங்கே விட்டது. சாயங்காலத்திலிருந்து மூன்றாவது மிதவையில் அந்த எண் விழுந்துகொண்டே இருக்கிறது; புயல் கூடுகிறது. கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை விட்டுவிட்டார்கள். சார் கூப்பிட்டு, "நல்ல வேளை, அன்னிக்குத் தூங்காம இருந்தே" என்றார்.

கப்பல் திரும்பும் வழியில் இருக்கிறது. அந்த ஒரு நாள் பிந்தாமல் இருந்திருந்தால் இந்நேரம் துறைமுகத்தில் நின்றிருக்கும்.

லிங்கராஜபுரத்திலிருந்து டொமினிக் அண்ணாவின் மனைவி டீனா அக்கா ஃபோன் பண்ணினார். "உனக்காவது மெயில் வந்துச்சாம்மா?" இன்னும் இல்லைக்கா என்றேன். வேறென்ன சொல்ல? முடி யாருடையது என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ.

இப்போது அனுப்பியது இது:

டொமினிக் அண்ணா, மூணாவது டப்பா நல்லா இருக்கு. வெளியேதான் சரியில்லை. நீங்க எங்கே இருக்கீங்க? இதைப் பாத்ததும் சீக்கிரம் பதில் போடுங்க.