இடப்பக்கம் புகுந்தவன்

செவ்வாய், இரவு

வெலிமடைச் சந்தியில் இன்று நான் சிக்னல் போட்டு ஆட்டோவை இடப்பக்கம் திருப்பும்போது, தங்கச்சி புருஷன் ரவி தன் மோட்டார் சைக்கிளை இடப்பக்க இடுக்கில் விட்டு மோதினான். சைக்கிளில் அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவன் மகளுக்குக் கை முறிந்துவிட்டது.

இடப்பக்கம் திரும்பும் வண்டியை வலப்பக்கமாகத்தான் தாண்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா? ஆனாலும், "பொம்பள கையில ஆட்டோவக் குடுத்தா இதாங்க நடக்கும்" என்று சனங்களுக்கு முன்னால் கத்தினான். பொலிசிலும் என்மேல்தான் பழி போட்டான்.

மரக்கறிக் கடைக் கமராவில் எல்லாம் பதிந்திருக்கிறது. விடிந்ததும் பொலிசில் காட்டப் போகிறேன்.

"அக்கா, அவரு லைசன் போயிரும். விட்ருங்க" என்று, நான் இதைச் சொன்னதும் தங்கச்சி போனில் அழுதாள்.

"புள்ள தூங்குதா?"

"வலியில தூங்க மாட்டேங்குது."

அப்படியானால் விட முடியாது. இனி அவன் அந்தச் சந்தியை நடந்தே கடக்கட்டும். பின்னால் நின்று நான் ஹோன் அடிப்பேன்.