மேல்மாடிக்காரியின் கையெழுத்து

6.2.2014, வியாழன்
வின்டர்தூர்

ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. வெளிநாட்டவர் வருகையைக் கட்டுப்படுத்துவதா என்று கேட்கிறார்கள். எனக்கு வாக்கில்லை. மேல்மாடிச் சுவிஸ் மனுசி ஃபிறவ் கெல்லர், கட்டுப்படுத்தத்தான் வேண்டும் என்று என்னிடமே சொன்னவர். கால் ஏலாததால் இன்று தன் வாக்கு உறையைத் தந்து, ஒட்டித் தபாலில் போடச் சொன்னார். ஒட்டும்போது பார்த்தேன், உள்ளேயிருந்த வாக்குரிமை அட்டையில் அவருடைய கையெழுத்தில்லை. அப்படிப் போனால் வாக்குச் செல்லாது. என்னையே திட்டிக்கொண்டு திரும்ப மாடியேறிக் கையெழுத்து வாங்கினேன்.

“விசரே உனக்கு? பேசாமல் போட்டிருக்கலாமே!” என்று வீட்டில் இவர் கத்தினார்.

மிச்சத்தை இவருக்குச் சொல்லவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு ஃபிறவ் கெல்லர் கேட்டார்: “உங்களுக்கு எப்ப வோட்டு வரும்?”

“இன்னும் ரெண்டு வருசம் செல்லும்.”

“அதுக்குள்ள என்ர கால் சுகமாயிடும். உங்கட உறையை நான் கொண்டுபோய்ப் போடுறன்.”