காய் பிடிப்பதற்கு முன்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போனதுபோல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் எங்கள் பொழுது விடிகிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பேசிய லட்சணம் தெரிந்ததுதானே, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அக்கா மாதம் ஒருமுறை வந்து என் மாத்திரை டப்பாவைச் சோதனை போட்டுவிட்டுப் போகிறாள், போலீஸ் தோற்றது. சமையலறைக் குழாய் ஒழுகியதை நானே சரிசெய்தேன், இப்போது முன்பைவிட நன்றாக ஒழுகுகிறது என்கிறாள் உன் அம்மா. பின்பக்கத் தோட்டத்தில் உன் மரம் பூத்திருக்கிறது. நீ கிளம்புவதற்கு முன் வைத்தாயே, பிளம்ஸையும் ஆப்ரிகாட்டையும் கலந்து உண்டாக்கிய ஹைப்ரிட் கன்று, அதுதான். இதோடு நாலாவது வருடமாக, இலை தெரியாமல் ஒரே வெள்ளை. மற்ற மூன்று வருடமும் பூத்து உதிர்ந்ததோடு சரி, பேருக்கு ஒரு காய் கிடையாது. உரம் போட்டேன், மண்ணை மாற்றினேன், கெட்ட வார்த்தையிலும் திட்டிப் பார்த்தேன்.

போன வருடம் நீ ஆசையாகக் காய் வந்ததா என்று கேட்டபோது நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. "மலட்டு மரத்தை வெச்சுட்டுப் போயிருக்க, பூத்து என்ன பிரயோஜனம்" என்றேன். உங்கள் பக்கம் ஸ்பீக்கர் போட்டிருந்தது, பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நான் அதைச் சொன்னதும் அந்தச் சத்தம் நின்றது. கல்யாணமாகி எட்டு வருடம் ஊரெல்லாம் கேட்கிற கேள்வியைத் தாங்கிக்கொண்டிருக்கிற பெண்ணின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? போனை வைத்த உடனே உன் அம்மா சொன்னாள். நான் மரத்தைத்தானே சொன்னேன் என்று எகிறினேன். அன்றிலிருந்து மருமகள் போனுக்கு வரவில்லை. வேலையாக இருக்கிறாள் என்று நீ சொல்வாய், சரி சரி என்று நானும் கேட்டுக்கொள்வேன், இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும்.

போன வாரம் நர்சரிக்காரரை வரவழைத்தேன், உருப்படாத கன்றை விற்றுவிட்டீர் என்று ஒரு பிடி பிடிக்கத்தான். அவர் மரத்தைச் சுற்றி வந்து, "கூட ஒரு பிளம்ஸ் குடுத்தேனே சார், அது எங்க?" என்றார். வேலி ஆணி அடிக்க வைத்திருந்த சுத்தியல் என் கையில் இருந்தது. உன் அம்மா ஜன்னல் வழியாக, "அவர் கையிலதாங்க இருக்கு" என்றாள். உண்மைதான். நீ போன மறுவருடம், துணி காயப்போடும் கயிற்றில் போர்வையை இழுத்துக் கிழிக்கிறது என்று அந்த பிளம்ஸ் மரத்தை வெட்டி, சுத்தியலுக்குக் கைப்பிடி போட்டவன் நான்தான். உன்னிடம் சொல்லவில்லை. ரெண்டும் பக்கத்துல இருக்கணும்ப்பா என்று நீ படித்துப் படித்துச் சொன்னதை அழகுக்காகச் சொன்னாய் என்று எடுத்துக்கொண்டேன். இந்த மரத்துப் பூவுக்குத் தன் மகரந்தம் சேராதாம், அதே சமயத்தில் பூக்கிற வேறொரு பிளம்ஸிலிருந்து தேனீ கொண்டுவர வேண்டுமாம். முப்பது வருடம் பஸ் பணிமனையில், வண்டி கிளம்பவில்லை என்றால் எந்தப் பாகம் இல்லை என்று முதலில் பார் என எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தேன், என் தோட்டத்தில் அதைப் பார்க்காமல் வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

நர்சரிக்காரர் தன் தோட்டத்து பிளம்ஸிலிருந்து பூத்த கிளைகளை வெட்டிக் கொடுத்தார். அவற்றை வாளித் தண்ணீரில் நிறுத்தி மரத்தடியில் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன். தேனீக்கள் வாளிக்கும் மரத்துக்கும் போய்வருகின்றன. நேற்று தூறல் போட்டதும் உன் அம்மா குடையோடு போய் வாளிக்குக் காவல் நின்றாள், எனக்கு ஒருநாளும் குடை பிடித்ததில்லை. புதுக் கன்றும் சொல்லி வைத்திருக்கிறேன், துணிக்கயிறு இடம் மாறிவிட்டது.

காய் பிடித்ததா என்று தெரிய மூன்று வாரம் ஆகும். அதுவரை பொறுங்கள், நல்ல செய்தியோடு எழுதலாம் என்கிறாள் உன் அம்மா. நான் ஒப்பவில்லை. இனி எழுதுவது மருமகளுக்கு, நீ வாசித்துக் காட்டாதே, தாளை அவள் கையிலேயே கொடு.

அம்மா, நான் சொன்ன வார்த்தை தப்பு. மரத்தில் குறை இல்லை என்று தெரிந்ததால் இதை எழுதவில்லை. காய் பிடித்த பிறகு எழுதினால் அப்படித்தான் ஆகிவிடும், அதனால்தான் இன்றைக்கே தபாலில் போடுகிறேன். இந்த மரம் என்றைக்கும் காய்க்காமலே போகட்டும், அப்போதும் அது சொல்லக்கூடாத வார்த்தைதான். அடுத்த முறை போனில் நீ பேச வேண்டும் என்று கேட்க மாட்டேன். பாத்திரம் கழுவும் சத்தம் நிற்காமல் கேட்டால் போதும்.

இரண்டு பேரும் மனம் நிறைந்து, நீண்ட ஆயுளோடு இருங்கள்.

உங்கள் அப்பா